97 மெயிலும் ஒரு கூர்க்காவும்

உங்கள் மெயில் பெட்டியில் இந்த நிமிஷம் பிரிக்காமல் கிடப்பவை எத்தனை? சும்மா உத்தேசமாகச் சொல்லுங்கள். நூறா, ஆயிரமா? என் நண்பர் ஒருவர் பதினாலாயிரம் வைத்திருக்கிறார். கேட்டால், ''முக்கியமா இருந்தா போன் பண்ணுவாங்க சார்'' என்று சிரிக்கிறார். பாதி ஊர் இந்த சித்தாந்தத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மெயில் அனுப்பியது மனுஷனாக இருந்தால் சரி, போன் பண்ணுவான். மெஷினாக இருந்தால்?

ஒரு கதை சொல்கிறேன். கதை என்றால் நிஜக் கதை. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் விசாரித்து, உத்தரவாகவே போட்ட கதை.

2012 ஆகஸ்ட் 1-ம் தேதி. நைட் கேபிடல் என்று அமெரிக்காவில் ஒரு பெரிய பங்குத் தரகு நிறுவனம். அன்றைக்கு நியூயார்க் பங்குச் சந்தை, சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதுத் திட்டத்தைத் தொடங்குகிறது. அதற்காக நைட் நிறுவனம் தன்னுடைய எட்டு சர்வர்களிலும் புது புரோகிராமை ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள். எட்டாவது விட்டுப்போச்சு. அந்த எட்டாவதில் 'பவர் பெக்' என்று ஒரு அரதப்பழசான புரோகிராம், பரணில் தூக்கிப் போட்ட ஆட்டுக்கல் மாதிரி கிடந்தது. 2003-லேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால், அழிக்கவில்லை. போதாக்குறைக்கு, புதுசைக் கிளப்புவதற்கு வைத்த அதே சமிக்ஞை, ஒரு காலத்தில் பழசைக் கிளப்ப வைத்திருந்த சமிக்ஞை.

சந்தை திறப்பது காலை 9:30-க்கு. அன்று 8:01-லிருந்தே நைட் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் மெயில் அனுப்ப ஆரம்பித்துவிட்டது. பவர் பெக் என்ற பெயரையே குறிப்பிட்டு, 'இங்கே ஒரு தப்பு' என்று. ஒன்று, இரண்டு இல்லை ஸ்வாமி... சந்தை திறப்பதற்குள் 97 மெயில்கள். ஒரே ஆளுக்குக்கூட இல்லை. ஊழியர்கள் குழு ஒன்றுக்கே போயின. ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தது.

யாரும் கண்டுகொள்ளவில்லை.

9:30-க்கு மணி அடித்தது. பரணிலிருந்த ஆட்டுக்கல் உருள ஆரம்பித்தது. வாடிக்கையாளர்கள் கொடுத்த 212 ஆர்டர்களை வைத்துக்கொண்டு, அந்த மெஷின் 45 நிமிஷத்தில் 154 கம்பெனிகளின் பங்குகளில் 40 லட்சம் வியாபாரம் பண்ணித் தள்ளியது. பதறிப்போய், 'புது புரோகிராம்தான் தப்பு' என்று நினைத்து ஒழுங்காக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்தார்கள். இப்போது எட்டிலும் ஆட்டுக்கல்! மொத்த நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். பி.காம் படித்த புத்தி, வகுத்துப் பார்க்காமல் இருக்குமா? நிமிஷத்துக்கு ஒரு கோடி டாலர். அதற்கு மேல் 1.2 கோடி டாலர் அபராதம் வேறு. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு இணைந்து, தனிப் பெயரை இழந்தது.

'97 மெயில் வந்தும் பார்க்காத தூங்குமூஞ்சிகள்' என்றுதானே உங்களுக்கும் தோன்றுகிறது? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆணையத்தின் உத்தரவைப் படித்தால் விஷயம் வேறு. அந்த மெயில்கள் எச்சரிக்கை மணியாக வடிவமைக்கப்பட்டவையே இல்லையாம். அந்த மாதிரி மெயில் வந்தால் ஊழியர்கள் பொதுவாகப் பார்ப்பதும் இல்லையாம். அதாவது, பார்க்கத் தேவையில்லை என்று எல்லோரும் பழகிப்போன மெயில்களின் கூட்டத்தில் உயிர் போகிற விஷயமும் வரிசையில் நின்றது.

இந்தக் கதையை என் அக்கா பையனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவே இல்லை. ''97 எல்லாம் ஒரு நம்பரா மாமா?'' என்றான்.

அவன் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். வேலை என்ன என்று சொந்தக்காரர்களுக்கு விளக்க அக்கா படும் பாடு சொல்லி மாளாது. ''கம்ப்யூட்டர் ஒழுங்கா ஓடுதான்னு பார்த்துக்கறான்'' என்பாள். உண்மையில் சரியான விளக்கம் அதுதான். எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளர்களின் நூற்றுக்கணக்கான சர்வர்கள். அவை மூச்சு விடுகின்றனவா, வயிறு நிரம்பிவிட்டதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று ஒரு மென்பொருள் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை நாடி பிடித்துப் பார்க்கும். டிஸ்க் 80 சதவிகிதம் நிரம்பினால் மஞ்சள், 90 தாண்டினால் சிவப்பு. ராத்திரி பேக்கப் ஓடாவிட்டால் ஒரு மெயில். வெப்சைட் பதில் சொல்லத் தாமதித்தால் ஒரு மெயில். திரும்ப சரியாகிவிட்டால், 'சரியாகிவிட்டது' என்று அதற்கும் ஒரு மெயில்!

இந்த வகை மென்பொருள்களில் பிரபலமானது நாகியோஸ். ஈத்தன் கால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் 1999-ல் 'நெட்செயின்ட்' என்ற பெயரில் வெளியிட்டார். செயின்ட் என்றால் புனிதர். அந்தப் பெயருக்கு வர்த்தகச் சின்னப் பிரச்னை வரவே, 2002-ல் நாகியோஸ் என்று மாற்றினார். 'இனிமேல் புனிதர் பட்டத்துக்கு அடம்பிடிக்க மாட்டேன்' என்று அர்த்தம் வருகிற மாதிரி அந்தப் பெயருக்கு விரிவு வைத்தார். கோபத்தையும் ஜோக்காக்கத் தெரிந்தவர்! இந்தத் தொழிலில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், ஆரம்பத்தில் கால் ஊன்றியது நெட்வொர்க் நிர்வாக மென்பொருளில்தான்.

அக்கா பையனுக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தை இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை மாறி மாறி ராத்திரி டூட்டி. ஆபீஸ் போக வேண்டாம், வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம். ஆனால், போன் தலையணை பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒரு வாரத்தில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அந்தப் பெண் ஒரு காலண்டர் தாளை நீட்டினாள். பின்பக்கம் பூராவும் பென்சில் கோடுகள். நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு... பால் கணக்கு மாதிரி.

''நேத்து ராத்திரி மட்டும் 41 தடவை அடிச்சது மாமா. குழந்தை மூணு தடவை எழுந்துட்டா. இவர் ஒரே ஒரு தடவைதான் லேப்டாப்பைத் திறந்தார்.''

''மிச்ச நாற்பது?'' என்றேன்.

''தூக்கத்துலயே கையை நீட்டி அமுக்கிடறார். காலையில கேட்டா அவருக்கு ஞாபகமே இல்லை.''

அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். எனக்கு அந்தக் காலண்டர் தாள் வயிற்றைக் கலக்கியது. ஒரு ராத்திரியில் நாற்பது பொய் மணி. அந்த நாற்பதுக்கு நடுவே நாற்பத்தியொன்றாவது நிஜம். தூக்கத்தில் கை எதை அமுக்குகிறது என்று கைக்குத் தெரியுமா?

'புலி வருது' கதை நமக்கெல்லாம் பால்வாடியிலேயே சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. அதில் பையனைத்தான் திட்டுவோம். இங்கே பையன் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. டிஸ்க் 80 சதவிகிதம் நிரம்பியது நிஜம். வெப்சைட் இரண்டு விநாடி திணறியதும் நிஜம். பூனை வந்தாலும், நாய் வந்தாலும், நரி வந்தாலும், புலி வந்தாலும் ஒரே குரலில் ஒரே அளவு கத்து என்று பையனுக்குச் சொல்லிவைத்தது யார்?

''இதை எல்லாம் குறைக்க முடியாதாடா?'' என்று கேட்டேன்.

''முடியும் மாமா. மேனேஜர்கிட்ட கேட்டேன். 'எடுக்கலாம்ப்பா... எடுத்த மறுநாளே ஏதாவது ஆச்சுன்னா, ஏன் எடுத்தேன்னு என்னைக் கேட்பாங்க. மெயில் வந்து நீ பார்க்கலைன்னா, ஏன் பார்க்கலைன்னு உன்னைக் கேட்பாங்க. எது தேவலை?' அப்படிங்கறார்.''

அந்த மேனேஜர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அவர் வாயிலிருந்து வந்ததுதான் இந்த விஷயத்தின் முழு ரகசியம். எச்சரிக்கை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, பொறுப்பைக் கை மாற்றும் ரசீது. 'நான் சொல்லிவிட்டேன். இனி உன் பாடு!' அரசாங்கக் கடிதங்களின் அடியில் 'நகல்: தகவலுக்காக' என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதேதான். தகவல் எட்டுப் பேருக்குப் போகும். எட்டுப் பேரும், மீதி ஏழு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஃபைலில் கோத்துவைப்பார்கள்.

கல்லூரியில் ஆடிட்டிங் பேப்பரில் ஒரு விஷயம் கற்றுக்கொடுத்தார்கள். வவுச்சர் இருக்கிறது என்பது ஒன்று. அதை யாரோ பார்த்துச் சரி என்று சொன்னார்கள் என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டால் கம்பெனி போச்சு. அக்கவுன்ட்ஸில் 'மெட்டீரியாலிட்டி' என்று இன்னொரு சங்கதி உண்டு. ஆபீஸுக்கு வாங்கிய பென்சில், வருஷக்கணக்கில் உழைத்தாலும், அதைச் சொத்துப் பட்டியலில் எழுத மாட்டார்கள். எழுதினால் பொய்யாகிவிடாது. ஆனால், ஆயிரம் பென்சில்களுக்கு நடுவே கட்டடம் காணாமல்போய்விடும்.

ஒரு காலத்தில் தந்தி இருந்தது. 2013 ஜூலையில்தான் மூடுவிழா நடத்தினார்கள். வாசலில் 'சார், தந்தி' என்ற குரல் கேட்டால் வீட்டில் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். ஏன்? வார்த்தைக்கு வார்த்தை காசு. அதனால் உயிர்போகிற சேதி, உத்தியோக சேதி, கல்யாண வாழ்த்து தவிர யாரும் அனுப்ப மாட்டார்கள். மெயிலுக்குக் காசு இல்லை. மெஷின் அனுப்பும் மெயிலுக்கு அனுப்புகிற சிரமம்கூட இல்லை. அனுப்புகிறவருக்குச் செலவே இல்லாத எதுவும், வாங்குகிறவரின் தலையில்தான் விடியும். இந்த விஷயத்தில், வாங்குகிறவரின் குழந்தையின் தூக்கத்தில்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரி ஐ.சி.யூ-வில் போய் அரை மணி உட்கார்ந்திருக்கிறீர்களா? ஒவ்வொரு கட்டிலிலும் ஏதாவது ஒன்று 'பீப் பீப்' என்றுகொண்டிருக்கும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மருத்துவக் கருவிகளின் அலாரங்களில் 85-லிருந்து 99 சதவிகிதம் வரை, மருத்துவர் தலையிடத் தேவையே இல்லாதவை. நர்ஸ்களின் காது மரத்துப்போகிறது. சத்தத்தைக் குறைக்கிறார்கள், அணைக்கிறார்கள். 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை அலாரம் சம்பந்தமாக அந்த அமைப்புக்கு வந்த தகவல்கள் 98. அதில் 80 பேர் இறந்துபோயிருந்தார்கள்.

நம்ம பக்கத்து ஊர் சம்பந்தப்பட்டதும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013 நவம்பர் கடைசியில் திருடர்கள் கம்ப்யூட்டர் வழியே புகுந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை அந்தக் கம்பெனி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது. அது மணியும் அடித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழுவினர் அதைப் பார்த்தார்கள். மினியாபொலிஸில் இருந்த தலைமையகத்துக்குத் தகவலும் சொன்னார்கள். 'உடனடியாகச் செய்ய வேண்டியது எதுவுமில்லை' என்று அங்கே முடிவானது. 4 கோடி கார்டுகளின் விவரம் போனது. மறு வருஷம் கம்பெனியின் தலைவரும் பதவி விலகினார். பார்த்தாகிவிட்டது, சொல்லியும் ஆகிவிட்டது... ஆனாலும், யாரும் கதவைச் சாத்தவில்லை.

சரி, புலம்பியது போதும். நம்ம பையன் கதைக்கு வருவோம்.

அந்தக் காலண்டர் தாளை அவன் மேனேஜரிடம் காட்டினான். (பெண்டாட்டியின் யோசனை!) மேனேஜருக்கும் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தது நல்லதாகப்போயிற்று. 'ஒரு மாசம் தர்றேன். எதையும் சும்மா எடுக்காதே, காரணம் எழுதிவெச்சிட்டு எடு' என்றார். பையன் எல்லா அலர்ட்டுகளையும் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் மூன்று கேள்வி கேட்டான். இது வந்தால் யார் எழுந்திருக்க வேண்டும்? எழுந்து என்ன செய்ய வேண்டும்? காலை ஒன்பது மணி வரை விட்டால் என்ன கெடும்?

மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் ராத்திரி போனில் அடிக்கும். மூன்றாவதுக்கு மட்டும் 'ஒன்றும் கெடாது' என்றால், காலை மெயிலில் ஒரே பட்டியலாக வரும். முதல் இரண்டுக்கும் பதிலே இல்லாதது, குப்பை. கூகுள் இன்ஜினீயர்கள் 2016-ல் வெளியிட்ட 'சைட் ரிலையபிலிட்டி இன்ஜினீயரிங்' என்ற புத்தகமும் இதே பக்கம்தான் நிற்கிறது. மனுஷனை எழுப்பினால் அவன் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்கிறது.

அப்புறம், மென்பொருளிலேயே இருந்தும் யாரும் தொடாமல் வைத்திருந்த வசதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். எனக்குப் புரிகிற பாஷையில் அவன் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு தடவை பதில் வராவிட்டால் உடனே ஒப்பாரி வைக்கக் கூடாது. காலிங்பெல் அடித்து யாரும் வராவிட்டால், இன்னும் இரண்டு தடவை அடித்துப் பார்ப்போம் இல்லையா? அதுபோல, மூன்று முறை பார்த்து, மூன்றிலும் பதில் இல்லையென்றால்தான் மணி.

தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால், நாற்பது வீட்டுக்காரர்களும் தனித்தனியாக இ.பி-க்கு போன் போடுவார்கள். கோளாறு ஒன்று, புகார் நாற்பது. ஒரு ரவுட்டர் படுத்துவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் நாற்பது சர்வர்களும் செத்துவிட்டதாகத்தான் மெஷினுக்குத் தெரியும். எதற்குப் பின்னால் எது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், ரவுட்டரைப் பற்றி மட்டும் பேசும்.

பழைய டியூப்லைட் மினுக் மினுக்கென்று எரிந்து அணைகிற மாதிரி சில சர்வர்கள் உண்டு. விழும், எழும், விழும். ஒவ்வொரு முறையும் இரண்டு மெயில். 'இது டியூப்லைட் கேஸ்' என்று மெஷினே கண்டுபிடித்து, ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வசதி இருக்கிறது.

நாமே தெரிந்து ஒரு சர்வரை ரிப்பேருக்கு நிறுத்தினால், முதலிலேயே மெஷினுக்குச் சொல்லிவிட வேண்டும். வெள்ளையடிக்கிற அன்று வீடு கலைந்திருக்கிறதே என்று யாராவது போலீஸுக்குப் போவார்களா?

எல்லாவற்றையும்விட முக்கியம்... அலர்ட் ஒரு குழுவுக்குப் போகக் கூடாது. ஒரு பெயருக்குப் போக வேண்டும். அந்த ஆள் 'சரி, நான் பார்த்துக்கறேன்' என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். பத்து நிமிஷத்தில் அழுத்தாவிட்டால் அடுத்த ஆளுக்கு, அப்புறம் மேனேஜருக்கு. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். தீப்பிடித்தால் வாளியை யார் தூக்குவது என்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

மாசக் கடைசியில், அந்த வீட்டில் ராத்திரிக்கு ஒன்றோ இரண்டோதான் அடித்தது. சில ராத்திரிகளில் எதுவுமே இல்லை. 'அப்பாடா' என்று தூங்கியிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. முதல் நிசப்தமான ராத்திரியில், இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டானாம். எல்லாம் நன்றாக இருப்பதால் சத்தம் இல்லையா, அல்லது மணி அடிக்கிற மெஷினே செத்துப்போச்சா?

இந்தப் பயம் அசட்டுத்தனம் இல்லை. 2003 ஆகஸ்ட் 14-ம் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின்சார கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் இதுதான் நடந்தது. மதியம் 2:14-க்குப் பிறகு, எச்சரிக்கை தரும் மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனது. திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. 'எல்லாம் சௌக்கியம்' என்று உட்கார்ந்திருந்தார்கள். வெளியே உயர் அழுத்த லைன்கள் ஒவ்வொன்றாக மரத்தில் உரசித் துண்டித்துக்கொண்டிருந்தன. இடையில், எச்சரிக்கை மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த சர்வரே படுத்தபோது, ஐ.டி. ஆட்களுக்குத் தானாகவே பேஜர் தகவல் போனது. அவர்கள் வந்து, சர்வரை மறுபடி ஓடவிட்டார்கள். மணி திரும்ப அடிக்கிறதா என்று கட்டுப்பாட்டு அறையைக் கேட்கவில்லை. நாலு மணி பத்து நிமிஷத்துக்குப் பிறகு விளக்குகள் அணைய ஆரம்பித்தன. நியூயார்க்கிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ வரை, 5 கோடிப் பேர் இருட்டில்.

இந்த இடத்தில்தான் எனக்கு கூர்க்கா ஞாபகம் வந்தது. தெருவில் ராத்திரி பூராவும் தடியைத் தட்டி, விசில் ஊதிக்கொண்டு போவாரே... திருடன் வந்ததற்கா ஊதுகிறார்? திருடன் வராததற்கு ஊதுகிறார்! 'நான் முழிச்சிருக்கேன்' என்பதுதான் அந்த விசிலின் ஒரே சேதி. அரைத் தூக்கத்தில் அது காதில் விழும், புரண்டு படுப்போம். ஒரு நாள் விசில் கேட்கவில்லையென்றால்தான், 'என்னாச்சு?' என்று யோசிப்போம்.

பையனிடம் சொன்னேன். ''நாங்க அதை ஹார்ட்பீட்னு சொல்வோம் மாமா'' என்றான். கண்காணிக்கிற மெஷின், வெளியே இன்னொரு இடத்தில் இருக்கும் சின்ன மெஷினுக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விசில் ஊதும். விசில் நின்றால், அந்தச் சின்ன மெஷின் இவனை எழுப்பும். அதை ஏற்பாடு செய்த பிறகுதான் அவனுக்குத் தூக்கம் வந்தது. குழந்தை அதற்கு இரண்டு வாரம் முன்பே தூங்க ஆரம்பித்துவிட்டது!

'எனக்கு சர்வரும் இல்லை, ரவுட்டரும் இல்லை. இதெல்லாம் எனக்கு எதுக்கு?' என்கிறீர்களா? உங்கள் பையில் ஒரு கட்டுப்பாட்டு அறை இருக்கிறதே சார், போன் என்ற பெயரில்.

எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டுப் பெரியவர், ரிட்டயரான ஆசிரியர். மூன்று வருஷம் முன்பு அவருடைய கிரெடிட் கார்டில் 210 ரூபாய் கழிந்ததாக எஸ்.எம்.எஸ். வந்தது. அவர் வாங்கவில்லை. யாருக்கும் எந்த நம்பரும் சொல்லவுமில்லை. திருடன் முதலில் ஆழம் பார்த்திருக்கிறான். அடுத்த மூன்று நாட்களில் மேலும் மூன்று தடவை... மொத்தம் 38,000 ரூபாய். நாலுக்கும் ஒழுங்காக எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. அவற்றுக்கு மேலேயும் கீழேயும் பர்சனல் லோன், புடவைத் தள்ளுபடி, பிளாட் விற்பனை, 'அன்பான வாடிக்கையாளரே' வகையறா. இந்தத் தொல்லை தாங்காமல் எஸ்.எம்.எஸ். சத்தத்தையே அணைத்துவைத்திருந்தார். ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் தெரிந்தது. வங்கிக்கு ஓடினார். அங்கே அவர்கள் முதலில் எண்ணியது ரூபாயை இல்லை, நாட்களை.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கி மீதும் தப்பில்லை, வாடிக்கையாளர் மீதும் தப்பில்லை, வெளியே எங்கோ விவரம் திருடுபோய்ப் பணம் போயிருக்கிறது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலைநாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் பூஜ்யம் என்றது. நாலிலிருந்து ஏழு நாள் என்றால், ஒரு வரம்பு வரை அவரும் சுமக்க வேண்டும். ஏழையும் தாண்டினால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி. கவனித்தீர்களா? எஸ்.எம்.எஸ். வந்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. நீங்கள் படித்தீர்களா என்று அது கேட்காது. அலர்ட் என்பது பொறுப்பைக் கை மாற்றும் ரசீது என்று முன்னால் சொன்னேனே, இதுதான் அந்த ரசீது.

பெரியவருக்குப் பத்து நாள் தாண்டியிருந்தது. பாதிதான் திரும்பி வந்தது. மீதி, அவருடைய மனைவியின் கண் ஆபரேஷனுக்கு எடுத்துவைத்த பணம். ஆபரேஷன் நாலு மாசம் தள்ளிப்போனது.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை, மதியத் தூக்கத்துக்கு முன்னால் அரை மணி ஒதுக்குங்கள். போனை எடுத்து, சத்தம் போடும் ஒவ்வொன்றையும் நம்ம பையனின் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப், காலை வணக்கம் படங்கள், சாப்பாடு கொண்டுவரும் கம்பெனியின் 'பசிக்குதா?' விசாரிப்பு, ஜோசியம், கிரிக்கெட்... எது வந்தால் நீங்கள் எழுந்து நின்று ஏதாவது செய்ய வேண்டும்? பெரும்பாலும் எதற்கும் இல்லை. அவற்றின் வாயை அடையுங்கள். வங்கியின் சத்தத்தை மட்டும் அடைக்காதீர்கள். வங்கியில் இருக்கும் உங்கள் போன் நம்பர் இப்போது நீங்கள் வைத்திருக்கும் நம்பர்தானா என்று பாருங்கள். மாசத்துக்கு ஒருமுறையாவது நீங்களே கணக்கைத் திறந்து பாருங்கள், எஸ்.எம்.எஸ். வராமலே நின்றுபோயிருந்தால் வேறெப்படித் தெரியும்? தெரியாத கழிவு ஒன்று கண்ணில் பட்டால், அது பத்து ரூபாயாக இருந்தாலும், அன்றைக்கே புகார் செய்து நம்பர் வாங்கிவையுங்கள்.

கீழ்வீட்டுப் பெரியவரின் போனை அவருடைய பேத்தி வந்து சரிசெய்து கொடுத்திருக்கிறாள். வங்கி எஸ்.எம்.எஸ். வந்தால் கோயில் மணி. துபாயிலிருந்து மகள் கூப்பிட்டால் சாதாரண மணி. வேறு எதற்கும் சத்தமில்லை. போன மாசம் பென்ஷன் வந்த அன்று லிஃப்டில் எங்களோடு வரும்போது கோயில் மணி அடித்தது. பத்துப் பேருக்கு நடுவே மனிதர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டுத்தான் லிஃப்டை விட்டு இறங்கினார். நாங்கள் எல்லோரும் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.